சும்மா விட்டால் சரியாகும்

பண்ருட்டியில் பலாவைத் தட்டிப் பார்ப்போம், முகர்ந்து பார்ப்போம். முந்திரிப் பருப்பைக் கடித்துப் பார்ப்போம். அப்படிப்பட்ட ஊரில், மாமாவின் பலா மண்டிக்குக் கணக்கெழுத வந்த பழைய மடிக்கணினியில், விசைப்பலகைக்கு நடுவே சிவப்பாக ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருந்தால் யார் விட்டுவைப்பார்கள்?

தமிழ்99 விசைப்பலகையில் எ, க, ங மூன்றும் சேரும் முச்சந்தியில் அது உட்கார்ந்திருக்கும். மவுசுக்குப் பதில் அதுதான். ஐபிஎம்மில் இருந்த டெட் செல்கர் உருவாக்கியது. 1992இல் திங்க்பேட் 700சியோடு கடைக்கு வந்தது. விசைப்பலகையை விட்டு மவுசுக்குக் கை போக முக்கால் நொடி ஆகிறதாம். அதை மிச்சப்படுத்தத்தான் இத்தனை பாடு. எங்கள் மண்டியில் ஒரு லோடுக்கு விலை படிவதற்குள் இரண்டு டீ ஆறிப்போகும்.

குமிழ் ஜாய்ஸ்டிக் போல ஆடாது. அடியில் உள்ள உணரிகள் விரலின் அழுத்தத்தை அளக்கும். அழுத்துகிற அளவுக்கு அம்புக்குறி ஓடும். சூடு ஏறினால் இந்த அளவு கொஞ்சம் பிசகும். அதனால் அழுத்தம் சற்று நேரம் ஒரே சீராக இருந்தால், 'யாரும் தொடவில்லை, இதுதான் பூஜ்யம்' என்று அது தானே தன்னைத் திருத்திக்கொள்ளும். வம்பே அங்கேதான். விரலை ஒரே பக்கமாக ஊன்றிக்கொண்டிருந்தால் அந்த அழுத்தமே பூஜ்யமாகிவிடும். விரலை எடுத்ததும் அம்பு எதிர்ப்பக்கம் ஓடும்.

"ஆளே இல்லாம ஓடுதே, வைரஸாப்பா?" என்றார் மாமா. உடனே வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். "எதிர்ப்பக்கம் அழுத்திப் புடி மாப்ளே, நின்னுடும்" என்றார் லோடு ஏற்றவந்த அண்ணன். நிஜமாகவே நின்றது. அண்ணனுக்கு ஒரே பெருமை. கையை எடுத்தார், அம்பு மறுபடி பாய்ந்தது. இன்னொருவர் அதையும் தடுத்துப் பிடித்தார். சாயங்காலம்வரை ஆளாளுக்கு முறைபோட்டுப் பிடித்தார்கள். குமிழுக்கு ஒரு நொடிகூட ஓய்வில்லை. கடைசியில் பலா அறுத்துவிட்டு வந்த பையன் விரல் வைத்தான். பலாப்பாலில் ஒட்டிக்கொண்டு சிவப்புத் தொப்பி விரலோடு வந்துவிட்டது. அது கழற்றி மாட்டுகிற ரப்பர்தான் என்றாலும், மண்டியே திடுக்கிட்டு இரண்டடி தள்ளி நின்றது. அந்தச் சில நொடிகளில் அம்பு தானாக அடங்கிவிட்டது.

அதற்கு வேண்டியதும் அவ்வளவுதான். அம்பு தானாக ஓடினால் கையை எடுத்துவிட்டுச் சில நொடி பொறுங்கள். பலா அறுத்த கையாக இருந்தால், எண்ணெய் தடவிக் கழுவிய பிறகு வந்து தொடுங்கள்.