ஃபோர் வீல் போட்ட வீரன்

ஜீப்பைப் பற்றி என்னிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், ஓட்டச் சொல்லாதவரை. எந்த வருஷம், எந்த ஊரில், யார் முதலில் செய்தார்கள், முகப்பில் ஏன் ஏழு துவாரம், பானெட் ஏன் அவ்வளவு தூக்கலாக நிற்கிறது, எல்லாம் அத்துப்படி. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "சொந்தமா ஜீப் வெச்சிருக்கீங்களாமே" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். பாயசம் வருவதற்குள் இரண்டாம் உலகப் போரை முடித்து, அவரைப் பம்பாயில் இறக்கிவிடுவேன். கை கழுவ எழுந்து போகிறவர்கள் அதற்குப் பிறகு என் கண்ணில் படுவதில்லை.

கதை நிஜமாகவே நல்ல கதை. அதனால்தான் வாய் சும்மா இருப்பதில்லை. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதி ஒரு குட்டி வண்டி கேட்டது. நாலு சக்கரமும் இழுக்க வேண்டும், எடை 590 கிலோவைத் தாண்டக் கூடாது, மாதிரி வண்டி 49 நாளில் வந்து நிற்க வேண்டும். பெரிய கம்பெனிகள் வாயே திறக்கவில்லை. வில்லிஸ்-ஓவர்லேண்ட் கூடுதல் நாள் கேட்டது. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில், நொடித்துப்போய்க் கிடந்த அமெரிக்கன் பாண்டம் மட்டும் 'ஆகட்டும்' என்றது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற என்ஜினீயரைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டே நாளில் படம் போட்டுக் கொடுத்தார். செப்டம்பர் 23-ம் தேதி, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, மேரிலாந்தின் ஹோலபேர்ட் ராணுவ முகாமுக்குள் வண்டி ஓடிப்போய் நின்றது. எடை கூடித்தான் போயிருந்தது. அந்த எடைக்குள் அப்படி ஒரு வண்டியை யாராலும் செய்ய முடியாது என்று ராணுவத்துக்கே பிறகுதான் உறைத்தது.

அப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். இத்தனை சின்னக் கம்பெனி எப்படி ஆயிரக்கணக்கில் செய்து தரும் என்று சந்தேகப்பட்டு, பாண்டத்தின் படங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். வில்லிஸிடம் 60 குதிரைத்திறன் இன்ஜின் தயாராக இருந்தது. ஃபோர்டு, முகப்பை ஒரே தகட்டில் அடித்துச் செலவைக் குறைத்தது. கையோடு, தான் செய்த போல்ட்டுகளின் தலையில் தன் முதலெழுத்தையும் பொறித்துக்கொண்டது. போர் முடிவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். பாண்டம் செய்தது மூவாயிரத்தைக்கூடத் தொடவில்லை. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லர் செய்யும் வேலைதான் அதற்கு மிஞ்சியது. 'ஜீப்பை உருவாக்கியது நாங்களே' என்று விளம்பரம் செய்யக் கூடாது என 1948-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வில்லிஸைத் தடுத்தது. ஆனாலும் 1950-ல் ஜீப் என்ற பெயர் வில்லிஸ் பேரில்தான் பதிவானது. எனக்கு இந்தக் கதையில் பாண்டத்தைத்தான் பிடிக்கும். இனம் இனத்தோடு சேரும்.

இந்தியக் கிளைக்கதையும் சளைத்ததில்லை. 1945-ல் மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகமது என்பவரும் கூட்டுச் சேர்ந்து இரும்பு வியாபாரம் தொடங்கினார்கள். நாடு பிரிந்தது. முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகிவிட்டார். மஹிந்திரா அண்ட் முகமது, 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. 'எம் அண்ட் எம்' என்று அச்சடித்து வைத்த தாளெல்லாம் வீணாகாமல் இருக்கத்தான் அப்படி என்று சொல்வார்கள். வியாபாரிகள் அல்லவா, செய்திருப்பார்கள். வில்லிஸ் ஜீப்புகளை உதிரியாக வரவழைத்துப் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தார்கள். அதில் சிஜே-3பி என்ற மாடல்தான் நம் ஊர்க்காரர்கள் கண்ணை மூடினால் தெரிகிற ஜீப். உள்ளே வைத்த ஹரிக்கேன் இன்ஜின் உயரமாக இருந்ததால் பானெட்டைத் தூக்கிவைத்த வண்டி. அமெரிக்காவில் 1953-ல் பிறந்து 1968-ல் நின்றுபோனது. இங்கே அதற்கு மேலும் பல வருஷம் ஓடியது. 1965 போரில், கேம்கரன் அருகே இந்திய ராணுவ வீரர் அப்துல் ஹமீது பாகிஸ்தானின் பாட்டன் டாங்குகளை அடித்து நொறுக்கியது, ஜீப் மேல் பொருத்திய பீரங்கியால்தான்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பக்கம் ஜீப் என்றால் அரசாங்கம். கலெக்டர், தாசில்தார், போலீஸ், ஃபாரஸ்ட், மலேரியாக்காரர், குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் போடுகிறவர் எல்லாரும் ஜீப்பில்தான் வருவார்கள். புழுதி தெரிந்ததுமே சாராயம் காய்ச்சுகிறவர்கள் தோப்புக்குள் ஓடுவார்கள், நாங்கள் ஜீப்பின் பின்னால் ஓடுவோம். ஒரு ஜீப்பில் உட்கார்ந்துவிட்டால் நானும் யாரோ ஒருவன் ஆகிவிடுவேன் என்ற நினைப்பு அப்போதே உள்ளே போய்விட்டது. வங்கிக் கடன் கிடைக்கிற வயதில் வெளியே வந்தது.

வாங்கியது பழைய சிஜே-3பி. ஆர்சி புத்தகத்தில் பெட்ரோல், பானெட்டுக்கு அடியில் டீசல். விற்றவர் சாவியைக் கொடுத்து, "சும்மா சிங்கம் சார்" என்றார். நான் சுற்றிவந்து பார்த்தது முகப்பில் ஏழு துவாரம் சரியாக இருக்கிறதா என்பதை. அடியில் குனிந்து பார்க்கவில்லை. மெக்கானிக்கையும் கூட்டிப்போகவில்லை. பழைய ஜீப் வாங்கி ஏமாந்ததில் எனக்கு ஒரே ஆறுதல், 1948-ல் இந்திய அரசாங்கமே ஏமாந்திருக்கிறது. காஷ்மீர் சண்டைக்காக லண்டனில் ஒப்பந்தம் போட்டு வாங்கிய பழைய ஜீப்புகள் ஓடும் நிலையில் இல்லை என்று ராணுவம் ஏற்க மறுத்து, நாடாளுமன்றம் வரை நாறிப்போனது. என் விவகாரம் வீட்டுக்குள் மட்டும்தான் நாறியது.

உள்ளே ஏறினால் மூன்று லிவர். ஒன்று கியர். ஒன்று முன்சக்கரத்துக்கு விசையைக் கொடுக்க. இன்னொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்ட. புத்தகத்தில் படித்தபோது எளிதாகத்தான் இருந்தது. மதுரையில் மச்சினனை ஏற்றிக்கொண்டு போன முதல் நாளே, "பார்றா" என்று நடுவிலிருந்ததை இழுத்து ஃபோர் வீல் போட்டேன். பளபளவென்ற தார்ரோட்டில். கொஞ்ச தூரத்தில் ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. திருப்பத்தில் டயர் கீச்சிட்டு எகிறியது. "அதான் மாப்ளே பவரு" என்றேன். லிவரைப் பழைய இடத்துக்குத் தள்ளிப் பார்த்தால் வரவில்லை. காலால் உதைத்தும் வரவில்லை. ஒர்க்‌ஷாப் பையன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டடி ரிவர்ஸ் எடுங்க சார்" என்றான். எடுத்தேன். ஒரு விரலால் தள்ளினான், போய்விட்டது.

விஷயம் இதுதான். வளைவில் திரும்பும்போது பின்சக்கரத்தைவிட முன்சக்கரம் கூடுதல் தூரம் உருள வேண்டும். ஃபோர் வீலில் இரண்டு அச்சையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி கட்டிவிடுகிறோம். சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்க வழியில்லை. முறுக்கு முழுவதும் பல்சக்கரங்களில் ஏறி லிவரைப் பிடித்துக்கொள்கிறது, பின்னால் உருட்டினால் முறுக்கு விடுகிறது. இதை இப்போது இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்றைக்கு மச்சினன், "மாமா, இது புத்தகத்துல இல்லியா?" என்று கேட்டதற்கு, ஆரஞ்சு ஜூஸ் வாங்கித் தருகிறேன் என்று பேச்சை மாற்றினேன்.

வேண்டாத இடத்தில் போட்டவன், வேண்டிய இடத்தில் போட்டிருக்க வேண்டாமா? போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்துக்குப் போனபோது விடிகாலை, மழை விட்ட நேரம். பதினேழு கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்துவிட்டோமே என்ற கர்வம் வேறு. தோட்டத்துப் பாதையில் ஒரு பள்ளம், முழங்கால் வரை செம்மண் சேறு. லிவரை முறையாகப் போட்டு, முறையாக மிதித்தேன். பின்சக்கரம் இரண்டும் சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் அசையவே இல்லை. மிதிக்க மிதிக்க வண்டி சட்டி தோண்டிக்கொண்டு உட்கார்ந்தது.

பின்னாலேயே ஒரு ஜீப் வந்து நின்றது. போடி, தேவாரம் பக்கமிருந்து தினமும் இருட்டோடு கிளம்பி மலைக்கு வேலைக்கு வருகிற பெண்கள். தலையில் துண்டு, மடியில் தூக்குச்சட்டி. ஒரு ஜீப்பில் அத்தனை பேரை அடைப்பது பாவம். அந்த வளைவுகளில் உயிர்களும் போயிருக்கின்றன. அவர்களுக்கு ஜீப் என்பது கூலிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. எல்லாரும் இறங்கி என் வண்டியைச் சுற்றி நின்றார்கள். வயதான ஒரு அம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்சக்கரத்தருகே குனிந்தார்.

"ஏந் தம்பி, இதத் திருகலையா?"

முன்சக்கரத்தின் நடுவே ஹப்பில் ஒரு திருகு இருக்கும். அதைக் கையால் திருப்பி லாக்கில் வைத்தால்தான் சக்கரம் அச்சோடு சேரும். இல்லையென்றால் உள்ளே லிவரை எத்தனை தரம் போட்டாலும் அச்சு மட்டும் சுற்றும், சக்கரம் வேடிக்கை பார்க்கும். மதுரையில் லாக்கில் இருந்ததை ஒர்க்‌ஷாப் பையன் எடுத்துவிட்டிருக்க வேண்டும். எனக்கு அதுவும் தெரியும். எந்த நாட்டில், எதற்காக அதைச் சேர்த்தார்கள் என்றுகூடச் சொல்லியிருப்பேன். அந்த அம்மாவுக்கு அதன் பெயர் தெரியாது. மழைநாளில் அவர்கள் டிரைவர் இறங்கி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று திருகிவிட்டு ஏறுவதைத் தினம் பார்க்கிறார். அவரே திருகினார். இரண்டு பெண்கள் பின்னால் கைவைத்தார்கள். வண்டி உறுமிக்கொண்டு மேலேறியது. நன்றி சொல்லத் திரும்பினேன். சக்கரம் இறைத்த சேறெல்லாம் அவர்கள் சேலையில்தான் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார்கள், அதுதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு மலைக்கு என் வண்டியில் போவதில்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு வாடகை ஜீப்பில் போனேன். பாறையும் குழியுமான அந்தப் பாதையில் வேறு எதுவும் ஏறாது. இறக்கத்தில் டிரைவர் பிரேக் பக்கம் காலையே கொண்டுபோகவில்லை. கீழ் கியரில் போட்டு இன்ஜின் பிடிக்கிற பிடியிலேயே இறக்கினார். ஏறும்போது இதே சூத்திரத்தை அவருக்கே விளக்கியிருந்த நான், "அண்ணே, பிரேக்கு, பிரேக்கு" என்று முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "பிரேக் புடிச்சா வழுக்கும் சார்" என்றார், திரும்பிப் பார்க்காமலேயே.

வீட்டில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜீப்புக்குக் கதவு கிடையாது. பட்டுப்புடவை கட்டிய ஒருவர் அதில் மானத்தோடு ஏற வழி கிடையாது. ரெக்ஸின் டாப்பில் எந்த இடம் கிழிந்திருக்கிறது என்பதை மழை சரியாக என் மனைவியின் தலைக்கு மேலே காட்டிக்கொடுத்தது. "ஏங்க, ஆட்டோல போயிருக்கலாம்ல?" என்றாள். போர்க்கால ஜீப்பில் பெட்ரோல் டேங்க்கே டிரைவர் சீட்டுக்கு அடியில்தான், சீட்டைத் தூக்கித்தான் ஊற்ற வேண்டும், அதைவிட இது எவ்வளவோ வசதி என்று சொன்னேன். அன்று இரவு ஊறுகாய் வைக்கவில்லை.

மச்சினன் இப்போது தார் வைத்திருக்கிறான். 2010-ல் மஹிந்திரா அந்தப் பெயரில் விட்ட வண்டிக்கு ஜீப்பின் சாயல் அப்பட்டமாக இருந்தது. 2020-ல் ஏசி, ஆட்டோமேட்டிக், தொடுதிரை எல்லாம் வைத்துப் புதிதாக விட்டார்கள். ஹப் திருகும் வேலை கிடையாது. இதே குடும்பத்தில் ராக்ஸர் என்ற ஒன்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, அப்போது ஜீப்பின் சொந்தக்காரர்களாக இருந்த ஃபியட் கிரைஸ்லர், 'எங்கள் ஜீப்பைப் பார்த்துச் செய்தது' என்று வழக்குப் போட்டது. ஆமாம், பார்த்துத்தான், உங்களிடமே அனுமதி வாங்கி அந்தக் காலத்திலிருந்தே பார்த்துப் பார்த்துத்தான் என்று நான் இங்கிருந்து கொதித்தேன். முதல் தீர்ப்பு மஹிந்திராவுக்கு எதிராக வந்தது, முகத்தை மாற்றிக்கொண்ட பிறகுதான் விட்டார்கள். மச்சினன் தாரை எடுத்துக்கொண்டு சினிமாவுக்கும் பிரியாணிக்கும் போகிறான். மண்ணே படாத டயரைப் பார்த்து நான் கேலி செய்ய வாயெடுப்பேன், என் சேறு ஞாபகம் வந்து மூடிக்கொள்வேன். ஜீப் சாயலில் காசு பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த ரகசியம், காட்டுக்குப் போகிறவர்களைவிட, போகிற ஆள் போலத் தெரிய விரும்புகிறவர்கள்தான் ஊரில் அதிகம். நான் அதில் மூத்த வாடிக்கையாளர்.

போன வருஷம் போடியிலிருந்து ஒரு ஏலத்தோட்டக்காரர் என் ஜீப்பை விலைக்குக் கேட்டு வந்தார். வழக்கம்போல் பாண்டத்திலிருந்து ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார், சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். சேஸிஸை நகத்தால் சுரண்டினார், ஸ்பேனரால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். நான் வாங்கும்போது செய்யாத அத்தனையும் செய்தார். நான் கதையில் பம்பாய் வந்தபோது அவர் வெளியே வந்தார். "சேஸிஸ் வெல்டு வெச்சது. கியர்பாக்ஸ் வேற வண்டியோடது. முன்மூஞ்சியே வேற ஜீப்போடது சார், ஓட்டை பொருந்தல பாருங்க." விலை சொன்னார். முகப்பு வேறு வண்டியினுடையது என்றதில்தான் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தர முடியாது என்றேன்.

அவர் விடவில்லை. ஏலக்காய் எடுப்புக் காலம் வந்தால் போன் வரும்.

"சார், மனசு மாறுச்சா?"

"இல்லண்ணே."

"வண்டி ஓடுதுல்ல?"

"ஜம்முனு ஓடுது" என்றேன். அதன் பேட்டரி அப்போது எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டியிருந்தது.