வேகம் என்றால் இதுதான் வேகம்

நம் நிர்வாகம் மெத்தனமானது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில், மழையில் ஊறிய வீடு இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். நிவாரணம் அன்றே அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் 17-ஆம் தேதி திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். உடனே மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்களில் ஆய்வு. வலுவிழந்தவற்றை இடிக்க உத்தரவு. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் கருகிய பிறகு, பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை அகற்றவும் அப்படித்தான் கிளம்பினார்கள். செய்யத் தெரியாத வேலை எதுவும் நம்மிடம் இல்லை. முதலில் பிள்ளைகள் சாக வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிகள் போகட்டும், குழந்தைகள் இல்லங்களுக்கான சட்டத்திலும் குறை வைக்கவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் இல்லங்களை ஆய்வுக்குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று பேர். அவர்களில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் கட்டாயம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். கூரையைத் தட்டிப் பார்க்கும் பொறியாளரைத்தான் அந்தச் சட்டப்பிரிவு கேட்கவில்லை.

எங்கள் தோல் வட்டாரத்தின் பெருமை இன்னும் பெரிது. ஆம்பூரில் ஷூவுக்கான தோலை விரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் பட்ட இடத்தைத் தள்ளுகிறார்கள். தடிமனை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். ஆயிரக்கணக்கான தடவை மடக்கி, விரிசல் விடுகிறதா என்று சோதிக்கிறார்கள். கடல் கடந்த ஒரு பாதத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு! பிறந்தநாளென்றால் இல்லத்துப் பிள்ளைகளுக்கு வயிறார பிரியாணி போடுகிற கைகளும் இங்கே நிறைய உண்டு. தோலில் கீறல் தேடும் அந்தக் கண்கள் இல்லத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒருமுறை மேலே பார்த்திருக்கலாம்.

பழைய கூரையையும் பாராட்டத்தான் வேண்டும். ஒழுகிய தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது; துரு பருத்துக் காரையை உள்ளிருந்து தள்ளுகிறது. பழுப்புக் கறை, விரிசல், உதிரும் காரை என்று பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் விழுகிறது. அதன் மேல் சுண்ணாம்பு அடித்து மறைப்பது நாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் உள்ள ஒவ்வொரு குழந்தைகள் இல்லத்துக்கும் ஒரு பொறியாளரை அனுப்புங்கள். தேறாத கூரைக்குக் கீழே ஒரு பிள்ளையையும் படுக்க வைக்காதீர்கள். அன்னதானம் செய்பவர்களே, இந்த ஆண்டு கூரைக்குக் கொடுங்கள். தேறாத கூரையைக் கண்டால், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு இன்றே போன் செய்யுங்கள்.