எங்கேயிருந்து எங்கே வரைக்கும்?

மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவராவது குடியிருக்காத அடுக்ககம் சென்னையில் அபூர்வம். பணிக்காலம் முழுக்க லைன் லாஸைத் துரத்திய கை, பென்ஷன் வாங்கியதும் சும்மா இருந்துவிடுமா? சட்டைப் பையில் டெஸ்டர். மஞ்சள் பையில், பிளக்கில் செருகி அளக்கும் வாட் மீட்டர். கிரகப்பிரவேசத்துக்குப் போனாலும் மொய்க்கவரோடு அதுவும் கூடப் போகும்.

இவருடைய இப்போதைய பரம விரோதி ஒயர்லெஸ் சார்ஜர். எதிர்வீட்டுப் பையன் ஒன்றை வாங்கிவந்து, "85 சதவீதம் எஃபிஷியன்சி, சார்" என்று சொல்லிவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

"எங்கேயிருந்து எங்கே வரைக்கும், தம்பி?"

பையன் விழிப்பான். கேள்வி நியாயமானதுதான். சதவீதம் என்று சொன்னால் எந்த முனையிலிருந்து எந்த முனைவரை என்று சொல்ல வேண்டாமா? சார்ஜர் தட்டிலும் போனிலும் இருக்கும் இரண்டு சுருள்களும் நேருக்கு நேர் பொருந்தி நிற்கையில், அந்த இடைவெளியில் மட்டும் அளந்தால் எண் அழகாகத்தான் வரும். ஆனால் சுவரில் இருக்கும் அடாப்டர் ஏ.சி.யை டி.சி. ஆக்குகிறது, தட்டு அதை மறுபடி நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கும் ஏ.சி. ஆக்குகிறது; போன் திரும்பவும் டி.சி. ஆக்கிக்கொள்கிறது. ஒவ்வொருவரும் கமிஷன் எடுக்காமல் விடுவதில்லை. மாட்டடியில் பாலை அளந்துவிட்டு வாசலில் காசு கேட்கிற பால்காரர் கணக்கு இது.

"1831இல ஃபாரடே ரெண்டு சுருள் சுத்தினார். நடுவுல இரும்பு வளையம் இருந்தது! உனக்கு நடுவுல என்ன இருக்கு? பிளாஸ்டிக் கவர்!" என்பார். பிறகு போனை ஒரு விரற்கடை நகர்த்திவைத்துச் சற்று நேரம் காத்திருப்பார். "தொட்டுப் பாரு. சுடுதா? உன் மிச்ச சதவீதம் அதான். பேட்டரி ஆயுசும் அதோட போகுது." டெஸ்லா கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்பக் கட்டிய கோபுரத்தை 1917இல் இடித்த செய்தியையும் சேர்த்துக்கொள்வார், இடிக்கும் ஆணையில் தாமே கையெழுத்துப் போட்ட திருப்தியுடன்.

இத்தனைக்கும் பதில் சொல்ல வீட்டில் ஒருவரால்தான் முடியும்.

"மாமா, தினம் 10 வாட்-மணி வீணாப் போகுதுன்னே வச்சுக்குவோம். வருஷத்துக்கு மூன்றரை யூனிட் சொச்சம். உங்க தலைக்கு மேல சுத்துதே, 75 வாட் ஃபேன், அது ரெண்டே நாள்ல அவ்வளவையும் தின்னுடும். அதுல பாதி வாட்டுக்கும் கீழ ஓடுற ஃபேன் இப்ப கிடைக்குது" என்பாள் மருமகள், காய் நறுக்கிக்கொண்டே.

இவர் அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பார். கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக்கொடுத்தது. கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருக்கும்.

"அது எப்பம்மா எஃபிஷியன்சின்னு வாயைத் திறந்தது?"