ஒரு வார்த்தை ஜெபம்

ஆராதனை முடியும் தறுவாயில், ஆசீர்வாதம் கூறப்படுவதற்குச் சற்று முன்னே, “ஐயா ஒரு வார்த்தை ஜெபிப்பார்” என்று ஆயர் அறிவித்த மாத்திரத்தில், பாடகர் குழுவினர் புத்தகத்தை மூடிவிட்டுச் சாய்ந்துகொள்வதும், தாய்மார் பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொள்வதும், பந்திப் பொறுப்பாளர் சமையற்காரருக்குச் சைகை காட்டி அண்டாவை மறுபடி மூடச் சொல்வதும் எவரை முன்னிட்டோ, அவரே நிறைவு ஜெபக்காரர். செஞ்சி போன்ற சிறுநகரச் சபைகளில் இவ்வகையினர் சபைக்கு ஒருவராவது உண்டு. இருவர் உள்ள சபையில் ஆராதனை தொடங்குவதும் தாமதமாகும். பெரும்பாலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கும் இவர், காணிக்கைப் பையை எவர் எடுத்துச் செல்ல வேண்டும், பீடத்துப் பூச்சாடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பன பற்றியும் உறுதியான கருத்துகள் உடையவர் எனினும், அவை ஜெபத்தின் முன் சிறு விஷயங்களே.

இவருடைய ஜெபம் அஞ்சல் முகவரியைத் தலைகீழாக எழுதிய அமைப்பை உடையது. எருசலேமின் சமாதானத்தில் தொடங்கி, உலகத் தலைவர்களுக்கு ஞானம் கேட்டு, நாட்டின் எல்லைகளைக் காக்கச் சொல்லி, தமிழ்நாட்டுக்கு மழையை வேண்டியபின் மாவட்டத்தில் கால்வைக்கும் அவர், பழக்கத்தால் தென்னாற்காடு என்று சொல்லிவிடுவார். உடனே, அம்மாவட்டம் 1993இல் பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டம் உருவானதையும், 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி தனியே போனதையும், “ஆண்டவரே, நீர் அறிந்திருக்கிறபடி” என்னும் முகவுரையோடு விண்ணப்பித்துத் திருத்திக்கொள்வார். இம்முகவுரை எல்லாம் அறிந்த இறைவனை நோக்கிச் சொல்லப்படுவதாயினும், நடைமுறையில் அதனைத் தொடர்ந்து வருவது சபையார் இன்னும் அறியாத செய்தியாகவே இருக்கும்.

மாவட்டத்துக்குப் பின் வட்டம். வட்டத்துக்குப் பின் கிராமங்கள். ஆலம்பூண்டி, அனந்தபுரம், நாட்டார்மங்கலம் என ஒவ்வொன்றாக ஆசீர்வதிக்கப்பட்டு, இறுதியில் செஞ்சிக்கு வடக்கே பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் சிங்கவரம் வந்து சேரும். சிங்கவரம் என்ற சொல் காதில் விழுந்ததும், புதிதாகச் சபைக்கு வந்தவர்கள் உலகம் முடிந்துவிட்டதாக எண்ணி இருக்கைக்கு அடியில் பையைத் துழாவுவார்கள், பழகியவர்களோ அசையமாட்டார்கள். இடங்கள்தாம் அங்கே முடிகின்றன என்பதும், ஆட்கள் இனிமேல்தான் தொடங்குகிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் நாடுவாரியாகவும், தேர்வெழுதுவோர் வகுப்புவாரியாகவும், நோயாளிகள் உறுப்புவாரியாகவும் நினைவுகூரப்படுவர்.

இதனைச் சுருக்குவதற்கு எடுக்கப்படும் முயற்சிகள் அனைத்தும் ஜெபத்தை நீட்டிப்பதிலேயே முடிகின்றன. 1880களில் கிழக்கு லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், ஒருவர் முடிவின்றி ஜெபித்துக்கொண்டிருக்க, மூடி என்னும் நற்செய்தியாளர் எழுந்து, நம் சகோதரர் ஜெபத்தை முடிக்கும்வரை நாம் ஒரு பாட்டுப் பாடுவோம் என்று சொன்னதாகவும், சலித்து வெளியேற இருந்த மருத்துவ மாணவர் கிரென்ஃபெல் அதைக் கேட்டுத் தங்கிவிட்டதாகவும், அவரே பிற்காலத்தில் லாப்ரடார் கடற்கரையில் மருத்துவ ஊழியரானதாகவும் வரலாறு உண்டு. செஞ்சியில் இம்முறை பலிக்காது. கீபோர்டு வாசிக்கும் பையன் முடிவை உணர்த்தும் பொருட்டு மெல்ல ஒரு சுருதியை எழுப்பினால், நிறைவு ஜெபக்காரர் அதனைத் தமக்கான பின்னணி இசையாக ஏற்றுக்கொண்டு குரலை இன்னும் உருக்கமாக்குவார். அதிக வார்த்தைகளால் ஜெபம் கேட்கப்படும் என்று எண்ணலாகாது என இயேசு எச்சரித்துவிட்டு, அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கத்தக்க பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுத்த மத்தேயு ஆறாம் அதிகாரத்தை எவரேனும் வாசித்துக் காட்டினாலோ, அவ்வதிகாரத்தின்படி நடக்கச் சபையாருக்குப் பெலன் வேண்டும் என்று அடுத்த வாரம் விரிவாக ஜெபிப்பார்.

இவரை வெறும் வாயாடி என்று ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஸ்கட்டர் சகோதரர்கள் 1853இல் நிறுவிய ஆற்காடு மிஷன், செஞ்சியை அடுத்த திண்டிவனத்தையும் தன் நிலையங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. அந்த மரபில், அச்சிட்ட நூலை நோக்காமல் சொந்த வார்த்தைகளில் ஜெபிப்பது சபையின் எளிய உறுப்பினருக்கும் உரியதாக இருந்தது. ஆங்கிலிக்கன் சபையாரோ ஜெபநூலைக் கையில் ஏந்திய மரபினர். இவ்விரு சாராரும் மெதடிஸ்டுகளும் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தபின், ஒழுங்குபடுத்தப்பட்ட வழிபாட்டு முறைக்குள் சொந்த ஜெபத்துக்கும் இடம் விடப்பட்டது; நிறைவு ஜெபக்காரர் குடியிருப்பது அந்த இடைவெளியில்தான். ஊர்க் கூட்டத்தில் தோளில் துண்டு போடவும் வாய் திறக்கவும் அனுமதிக்கப்படாத சேரி மக்களுக்கு, எழுந்து நின்று உரக்கப் பேசவும், பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் தலைகுனிந்து கேட்கவும் வாய்ப்பளித்த முதல் இடங்களுள் சபையும் ஒன்று என்பதை எண்ணினால், அந்த இடைவெளியை எவரும் மூடத் துணியார். சாவு வீட்டில் இவரது ஜெபத்தின் நீளமும் பயன்படும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் வந்துசேரும்வரை எவருக்கும் என்ன பேசுவதென்று தெரியாத அந்த இரவில், இவர் ஒருவரே எருசலேமிலிருந்து சிங்கவரம்வரை நிதானமாக நடந்து வருவார். அங்கே எவரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

ஆனால் ஞாயிறு ஆராதனையில், இதே உரிமை வேறொன்றாகத் திரிந்துவிடுகிறது. மின்விசிறி வாங்கித் தருவதாகச் சொல்லி இன்னும் தராத சகோதரரை உணர்த்தும் என்றும், கமிட்டித் தேர்தலில் பிரிவினை விதைத்தவர்களை மன்னியும் என்றும், பாடகர் குழுவில் ஆடை ஒழுங்கு குறைந்துவருவதைக் கண்ணோக்கும் என்றும் அவர் மன்றாடும்போது, குற்றஞ்சாட்டப்பட்டவர் கண்ணை மூடிக் கைகட்டி நிற்கக் கடமைப்பட்டிருக்கிறார். இறுதியில் தம் மீதான தீர்ப்புக்குத் தாமே “ஆமென்” சொல்லவும் வேண்டியிருக்கிறது. இதுவாவது சிரித்துக் கடக்கத்தக்கது. கைகூடாத திருமணப் பேச்சு, கர்ப்பப்பையில் கட்டி, கணவரின் குடி, கடன்காரர் வந்து நின்ற செய்தி ஆகியவற்றை ஒரு பெண் ஜெபக் குறிப்பாக, அதாவது பிறர் தமக்காக வேண்டிக்கொள்ளும்படி தனியே சொல்லும் விண்ணப்பமாக, நம்பிச் சொல்லியிருக்க, அது பெயரோடும் தெருவோடும் ஒலிபெருக்கியில் வெளிவருவதைச் சிரித்துக் கடக்க இயலாது. அதனைப் பாரம் என்று அவர் அழைத்தாலும், கேட்பவருக்கு அது அம்பலமே. பேச இடமில்லாதவர்களுக்காகத் திறந்துவைக்கப்பட்ட இடத்தில், பதில் பேச இயலாதவர்களைப் பற்றிப் பேசுவது முறையாகாது. அதைச் செய்பவர் எவ்வளவு கண்ணீரோடு செய்தாலும் முறையாகாது.

ஆதலால் ஜெபத்துக்குக் காலவரம்பு விதிக்க வேண்டியதில்லை, விதித்தாலும் பயனில்லை. உலகத் தலைவர்களுக்கும் மாவட்டப் பிரிவினைகளுக்கும் அவர் விரும்பும் அளவு நேரம் வழங்கலாம். சோறு ஆறினால் மறுபடி சூடாக்கிக்கொள்ளலாம். சிங்கவரம் தாண்டியதும் ஒலிபெருக்கியை நிறுத்திவிடும்படி கமிட்டி ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். அத்தீர்மானத்தை முன்மொழிபவரின் பெயர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிறைவு ஜெபத்தில் இடம்பெறும் என்பதே, இதுவரை எவரும் அதனை முன்மொழியாததன் காரணம்.