சார்ஜரைப் பிடுங்கினால் கடல் நிற்கிறது

மகாகனம் பொருந்திய லேப்டாப் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் சமூகத்துக்கு,

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் குடியிருக்கும் வாடிக்கையாளன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தங்கள் பொற்கரத்தால் நேற்று ஜாப் ஷீட் கிடைக்கப்பெற்றேன். 'ஹெட்போனில் இரைச்சல்' என்று நான் சொன்னதற்கு எதிரே, 'பழுது இல்லை. வாடிக்கையாளர் கடலோரத்தில் வசிக்கிறார்' என்று எழுதி, சீல் குத்தி, பரிசோதனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டீர்கள். கவுன்ட்டரில் இருந்த தம்பி, "கடல் சத்தமா இருக்கும் சார்" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் தங்கள் கண்டுபிடிப்பின் ஆழம் உறைத்தது. சார்ஜர் செருகியிருந்தால் ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று ஒரே சீராக இரைகிறது. பிடுங்கினால் அந்தக் கணமே நிற்கிறது. இரைவது கடல்தான் என்றால், நான் பிளக்கைப் பிடுங்கியதும் வங்காள விரிகுடா அணைந்துவிடுகிறது என்றுதானே அர்த்தம்? இவ்வளவு பெரிய பொறுப்பை என் வீட்டு சுவிட்ச் போர்டில் ஒப்படைத்திருக்கிறீர்கள். விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது இந்த லேப்டாப் என்னிடம் இருந்திருந்தால், பிடுங்கிவிட்டுப் படுத்திருப்பேன். பாத்தியெல்லாம் தப்பித்திருக்கும். ஆனால் அன்றைக்கு ஊரில் கரண்டே இல்லை. கடல் எந்த பேட்டரியில் ஓடியது என்பதைத் தங்கள் எஞ்சினியர்தான் விளக்க வேண்டும்.

உப்பைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், ஃபேன் றெக்கை என்று உப்புக்காற்று இங்கே எதையும் விட்டுவைப்பதில்லை. ஹெட்போன் பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருந்ததும் நிஜம். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். ஆனால் அது வேறு சத்தம். பின்னைத் திருகினால் 'கரகர' என்னும், விட்டால் சும்மா இருக்கும். இந்த 'ம்ம்ம்' கரண்டின் குரல். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஆடுகிறது. அந்த ஆட்டமும் அதன் மடங்குகளும்தான் காதுக்குள் வந்து உட்காருகின்றன. காரணத்தை எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் சார்ஜரைப் புரட்டிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். தாங்கள் அருளியது இரண்டு கால் சார்ஜர். உள்ளே கசிகிற துளிக் கரண்ட் எர்த்துக்கு இறங்க வழியில்லாமல் லேப்டாப் உடம்பிலேயே உலாத்துகிறது. புறங்கையால் மூடியைத் தடவினால் சுருசுருவென்று இழுக்கிறதே, அதுவும் அதுதான்.

"நம்ம ஊர்லயா சார் எர்த்துக்குப் பஞ்சம்?" என்றார் அவர். மற்ற ஊர்களில் எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகக் கொட்டி, கோடையில் தண்ணீர் வேறு ஊற்றுகிறார்கள், கரண்ட் சுலபமாக மண்ணில் இறங்கட்டும் என்று. எங்களுக்கு மண்ணே உப்புக் குழி. என் வீட்டு பிளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டை எர்த்தோடு காத்துக் கிடக்கிறது. நுழைக்கத்தான் தங்களிடம் கால் இல்லை.

நான் பார்ப்பது டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டு டைப் அடிக்கிற வேலை. 'ஃபிஃப்டீன்' என்றாரா 'ஃபிஃப்டி' என்றாரா என்று இந்த இரைச்சலுக்குள் துழாவ வேண்டும். மில்லிகிராம் கணக்கு ஐயா, யாரோ ஒருவர் விழுங்கப்போகிற மாத்திரை! தப்பாக அடித்துவிட்டு, 'நான் கடலோரத்தில் வசிக்கிறேன்' என்று அந்த டாக்டரிடம் போய்ச் சொல்ல முடியுமா? கடலோரம் என்பதற்காக விலையில் ஒரு ரூபாய் குறைத்தீர்களா? முழுப் பணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு, ஒரு பித்தளைக் காலையும் ஒரு முழக் கம்பியையும் மிச்சம் பிடித்துக்கொண்டு, பழியை ஊர்மேல் போடுகிறீர்கள். வெயிலில் எங்கள் ஜனம் வாரிக் குவிக்கிற உப்பு உங்கள் சாம்பாரில் சேரும், வாரண்டியில் மட்டும் சேராதா?

மன்னிக்க வேண்டும். உப்பு கூடினால் கொதிப்பு ஏறும் என்று டாக்டர்கள் சொல்வதைத்தான் தினமும் டைப் அடிக்கிறேன்.

தங்கள் சென்டர் மொட்டைமாடியில் நின்றாலும் இதே வங்காள விரிகுடாதான் தெரியும். தங்களிடம் மட்டும் அது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது போலும். சென்னை, விசாகப்பட்டினம், கொச்சி, மும்பை வாடிக்கையாளர்களுக்கும் இதே வாக்கியத்தை எழுதித் தருகிறீர்களா, இல்லை இந்த மரியாதை மரக்காணத்துக்கு மட்டும்தானா? யூஎஸ்பியில் செருகும் தனி சவுண்ட் கார்டு வாங்கிப் பார்க்கும்படி கவுன்ட்டர் தம்பி காதோடு சொன்னார். தங்களிடமே விற்பனைக்கு இருக்கிறதாம். அதற்கும் கடலோரத்தில் வாரண்டி கிடையாதாம்.

ஆகவே, மூன்று கால் சார்ஜர் ஒன்று அனுப்பிவைக்கவும். ஜாப் ஷீட்டில் 'பழுது இல்லை' என்ற வரியை அடித்து, பக்கத்தில் ஒரு கையெழுத்தும் போட்டுத் தரவும். பரிசோதனைக் கட்டணத்தைப் பற்றிப் பேசி தங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். ரசீது மட்டும் இணைத்திருக்கிறேன்.

அதுவரை பேட்டரியில்தான் பிழைப்பு. இப்போது 8 சதவீதம் காட்டுகிறது, செருகியே ஆக வேண்டும். கடலுக்குப் போன படகெல்லாம் கரை சேரட்டும் என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கடலோரத்தில் வசிக்கும் வாடிக்கையாளன்,
மரக்காணம்.