மணிமேகலையும் மஞ்சள் விளக்கும்: அரியமங்கலத்துக் கார் ஒன்று குறித்த அளவையியல் ஆய்வு

வஞ்சி மாநகரில் சமயவாதிகள் பலரை மணிமேகலை சந்திக்கிறாள். அங்கே அளவைவாதி அவளுக்குச் சொல்லும் அளவைகள் பத்து. ஒரு பொருளின் உண்மையை அறிய அந்தப் பத்தும் வழி என்கிறது மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதை. நூலை இயற்றிய சாத்தனார் கூலவாணிகர், தானியம் அளந்தவர். கார் எஞ்சினில் உள்ள கிராங்க் சென்சாரைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது என்பதே தமிழறிஞர்களின் இதுவரையான மௌனத்துக்குப் பொருள். அந்த மௌனத்தைக் கலைக்கவே இக்கட்டுரை.

ஆய்வுப் பொருள் 2004-ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார் ஒன்று, கட்டுரையாளனுக்குச் சொந்தமானது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். இருபது வயது தாண்டிய பிள்ளை செய்யும் காரியத்துக்குப் பெற்றவர்களை இழுப்பது முறையன்று.

ஆய்வுக் களம் திருச்சி அரியமங்கலம். வெயில் ஏறிய பிறகு தஞ்சாவூர் சாலையில் கிளம்பிப் பால்பண்ணை சந்திப்பை நெருங்கும்போது டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். அடுத்த கணம் வண்டி அணைந்துவிடும். ஜெர்க் கிடையாது, மிஸ்ஸிங் கிடையாது; ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்.பி.எம். முள் மட்டும் பொத்தென்று பூஜ்ஜியத்தில் விழும். சாவியைத் திருகினால் செல்ஃப் எடுக்கும், ஸ்டார்ட் ஆகாது. இருபது நிமிடம் ஓரமாக நின்று, பின்னால் வரும் பஸ்காரர்களின் சொல்வளத்தைச் செவிமடுத்துவிட்டு மறுபடி திருகினால், எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும்.

கார்பரேட்டர் காலத்தில் இந்த விளக்கே இல்லை. பிளாட்டினத்தை உப்புத்தாளில் தேய்த்து மாட்டினால் ஊர்வந்து சேரலாம். 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதிக்கு யூரோ புகைக் கட்டுப்பாட்டு விதிகளைக் கட்டாயமாக்கியது. 2000 ஏப்ரலில் ‘இந்தியா 2000’ விதி நாடு முழுவதற்கும் வந்தது. கார்கள் கார்பரேட்டரைக் கைவிட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அதன்பின் பெட்ரோலை எப்போது பீய்ச்சுவது, பொறியை எப்போது விடுவது என்று முடிவுசெய்வது ஈ.சி.எம். என்னும் டப்பா. அது கண்ணில்லாதது. அதற்குக் கண்ணாக அமைந்தவையே சென்சார்கள்.

அவற்றுள் கிராங்க் சென்சாரின் வேலை பல் எண்ணுவது. எஞ்சினோடு சுற்றும் ஒரு பல்சக்கரத்தின் அருகே அது உட்கார்ந்திருக்கும். பல கார்களில் அச்சக்கரத்துக்கு அறுபது பல்லுக்கு இடம் உண்டு. பல் இருப்பது 58. வண்டி சும்மா நின்று நிமிடத்துக்கு 750 சுற்றுச் சுற்றும்போது நொடிக்கு 725 பல்லை அது எண்ண வேண்டும். விழுந்த இரண்டு பல்தான் இங்கே முக்கியம். அந்தப் பொக்கை கடந்து போகும்போதுதான் எஞ்சின் எந்த நிலையில் நிற்கிறது என்று டப்பாவுக்குத் தெரிகிறது. பத்து அளவைகளில் அபாவம் என்று ஒன்று உண்டு; இல்லாமையைக் கொண்டு அறிவது. தத்துவ வகுப்பில் பலரையும் தூங்கவைத்த அந்த அளவை, காருக்குள் நிமிடத்துக்கு 750 முறை நடைபெறுகிறது.

ஐதிகம் என்னும் அளவைக்கு வருவோம். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்லக் கேட்டு நம்புவது அது. களத்தில் திரட்டிய ஐதிகங்கள் பல. “ஏசி போட்டீங்களா? அதான்.” “பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு சார்.” “எலி பூந்திருக்கும்ணே, ராத்திரி பானெட்டைத் திறந்து வச்சிருங்க.” வண்டி வாங்கிய அன்று டயருக்கு வைத்த எலுமிச்சம்பழம் சரியாக நசுங்கவில்லை என்பது வீட்டிலிருந்து வந்த கருத்து. அதை மறுக்கும் சான்று இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆகமம் என்னும் நூல்வழி அளவை ஸ்கேனரின் வடிவில் வந்தது. மெக்கானிக் தம்பி வயரைச் சொருகினார். திரையில் பி0335 என்று எழுந்தது. “சென்சார் போச்சுண்ணே.” வேதவாக்கு. மாற்றினோம், 40 நாள் ஓடியது. மறுபடி அதே எண். “இது லோக்கல் மால்ண்ணே, ஒரிஜினல் போட்டுருவோம்.” அது இரண்டு மாதம் தாங்கியது. அடுத்து இன்னொரு ஒரிஜினல். அது நிற்காமல் ஓடியது மூன்று வாரம்.

உரையாசிரியர்கள் பிழைவிடும் இடம் இதுவே. பி0335 என்ற சூத்திரம் சென்சார் கெட்டது என்று சொல்லவில்லை. கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் சொல்கிறது. சர்க்யூட் என்றால் சென்சார், கப்ளர், அங்கிருந்து டப்பா வரைக்கும் ஓடும் வயர், எர்த் எல்லாம் சேர்ந்தது. தம்பி சூத்திரத்தின் முன்பாதிக்கு உரை சொல்லிவிட்டுப் பின்பாதியைப் பில்லில் சேர்த்துவிட்டார். அவரை மட்டும் குறைசொல்ல முடியாது. சென்சாருக்குள் மயிரிழை போன்ற கம்பிச்சுருள் இருக்கிறது. அது சூட்டில் அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்வது உண்மையாகவே நடக்கும். அறிகுறியும் இதேதான். தவிர, மாற்றியதும் சரியானதே! மூன்று முறையும் சரியானதே!

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காகதாலி நியாயம் என்பார்கள். இந்தக் காக்கை மூன்று தடவை உட்கார்ந்து மூன்று பழத்தை விழவைத்தது. எந்த ஆய்வாளனும் மயங்கத்தான் செய்வான்.

கருதல் அளவைக்குப் பாடப்புத்தக உதாரணம், மலையில் புகை கண்டு நெருப்பை அறிவது. அரியமங்கலத்துக்காரர்களுக்கு இதில் தனிப்பயிற்சி உண்டு. எங்கள் மலை மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு. கோடையில் அது புகைந்த காலத்தில் ஊரார் கற்றது ஒன்று: புகை வரும் இடத்தில் தண்ணீர் அடித்தால் புகை நிற்கும், நெருப்பு நிற்காது, அது உள்ளே வேறெங்கோ கனன்றுகொண்டிருக்கும். இவ்வளவு அனுபவம் இருந்தும் கட்டுரையாளன் சென்சாரின் மேலேயே தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான் என்பதைப் பதிவுசெய்யாவிட்டால் ஆய்வு நேர்மையாகாது. தெருவுக்கு இரண்டு பேர் எஸ்.ஐ.டி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்த ஊரில், 14 மாதமாக அந்த வயரில் ஒருவரும் மல்டிமீட்டரை வைக்கவில்லை.

தீர்வு உவமம் என்னும் ஒப்புமை அளவையில் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். கழற்றிப்போட்ட மூன்று சென்சார்களையும் திண்ணையில் வரிசையாகப் பார்த்தார்.

“ஏன் தம்பி, ஒரே எடத்துல மூணு பல்பு ஃப்யூஸ் ஆனா பல்பை மாத்துவியா, ஹோல்டரைப் பாப்பியா?”

வண்டியை அரைமணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வந்து, ஸ்டார்ட்டிங்கிலேயே நிறுத்தச் சொன்னார். ஒட்டடைக் கம்பின் மரக்கைப்பிடியால் வயரிங்கை ஒவ்வோர் இடமாக மெல்ல அழுத்திக்கொண்டே போனார். கப்ளருக்கு ஒரு சாண் இப்பால், சைலன்சர் பைப்பின் தலைமாட்டில் அழுத்தியபோது, முள் பொத்தென்று விழுந்து எஞ்சின் அணைந்தது.

நாராசம் என்னும் இரும்புக் கம்பி திரும்புவதைக் கண்டு, அங்கே காந்தம் உண்டு என்று கொள்வதை உண்டாநெறி என்கிறது மணிமேகலை. கிராங்க் சென்சாருக்குள் இருப்பது ஒரு காந்தம். எதிரே ஓடுவது இரும்புப் பல். கூலவாணிகர் இரும்பைக் கொண்டு காந்தத்தை அறிந்தார். எங்கள் வண்டி காந்தத்தைக் கொண்டு இரும்பை அறிகிறது. முள் விழுந்ததைக் கொண்டு அறுந்த வயரை அறிந்தவர் பொன்மலைப் பெரியவர். மூன்றும் ஒரே அளவை என்பது இக்கட்டுரையின் துணிபு. மற்ற அளவைகளைப் பின்வருவோர் ஆராய்க.

டேப்பைப் பிரித்தால் ரப்பர் கருகி அப்பளமாய் நொறுங்கியது. உள்ளே நாலைந்து இழைதான் மிச்சம். சூடேறினால் விலகும், ஆறினால் தொடும். என்றோ டைமிங் பெல்ட் மாற்றியபோது கழற்றிய கிளிப்பை யாரோ மறுபடி மாட்டவில்லை. வயர் தொங்கிச் சூட்டின்மேல் சாய்ந்துவிட்டது. புதுச் சென்சார் போட்டபோதெல்லாம் வண்டி ஓடியதற்கும் விடை கிடைத்தது. சென்சாரை மாற்றக் கப்ளரைப் பிடுங்கி மாட்டவேண்டும். அந்த ஆட்டத்தில் வயர் சற்று நகர்ந்து இழைகள் தொட்டுக்கொண்டன. குணமாக்கியது மருந்தன்று, மருந்து கொடுத்த கை பட்டதே.

ஒரு சாண் வயர், ஈயப்பற்று, ஸ்லீவ், ஒரு கிளிப். செலவு 180 ரூபாய். பெரியவர் காபியோடு நிறுத்திக்கொண்டார். அதற்குப்பின் ஒரு கத்திரி வெயில் முழுக்க அதே வண்டியில் பால்பண்ணை, சஞ்சீவி நகர், திருவானைக்காவல் என்று ஸ்ரீரங்கம் போய்வந்தாகிவிட்டது.

கழற்றிய மூன்று சென்சார்களையும் மீட்டரில் வைத்துப் பார்த்தோம். சுட்டாலும் ஆறினாலும் மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. இதே மாடல் வைத்திருப்பவர்கள் அரியமங்கலம் வந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். கிளம்புமுன் தங்கள் வண்டியின் வயரை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு வரவும்.