மாடு தின்றதும் மண் தின்றதும்

கே: அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தை எல்லாம் யார்தான் தின்று தீர்க்கிறார்கள்?

ப: மனிதர்கள் நேரடியாகத் தின்பது கொஞ்சம்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாடு, பன்றி, கோழிக்குத் தீவனமாகிறது. ஏறக்குறைய அதே அளவு எத்தனால் ஆலைக்குப் போகிறது. ஆலைக்கு வேண்டியது மாவுச்சத்து மட்டுமே. 25 கிலோ மக்காச்சோளத்தில் சுமார் 10 லிட்டர் எத்தனால் இறங்கியபின், புரதமும் கொழுப்பும் நிறைந்த சக்கை 7, 8 கிலோ மிஞ்சும். அதுவும் தொழுவத்துக்கே வருகிறது. கார் குடித்தது போக மீதி மாட்டுக்கு.

கே: பதிலுக்குப் பன்றி என்ன தருகிறது, கறியைத் தவிர?

ப: அயோவா மாநிலத்தில் மனிதர்கள் சுமார் 32 லட்சம், பன்றிகள் 2 கோடிக்கு மேல். மக்காச்சோளத்திலும் அந்த மாநிலமே முதலிடம். கொட்டகைத் தரையின் இடுக்குகள் வழியே விழும் கழிவு, அடியிலுள்ள ஆழமான தொட்டியில் மாதக்கணக்கில் சேர்ந்து, அறுவடை முடிந்ததும் வயலுக்குப் போகிறது. மேலாகத் தெளித்தால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். அக்கம்பக்கத்தாரின் பொறுமையும் கூடவே போய்விடும். அதனால் மண்ணைக் கீறி உள்ளே செலுத்துகிறார்கள்.

கே: ஒரே வயலில் கோதுமையும் விளைய வேண்டும், மாடும் கொழுக்க வேண்டும் என்பது பேராசையா?

ப: ஓக்லஹோமாவில் அது வழக்கமான சாகுபடி. செப்டம்பரில் கோதுமை விதைத்து, நவம்பர் வாக்கில் இளமாடுகளை உள்ளே விடுகிறார்கள். குளிர்காலம் முழுக்கக் கதிரின் குருத்து மண்ணுக்கடியில் பத்திரமாக இருப்பதால் மாடு இலையை மட்டுமே மேய்கிறது. பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ தண்டுக்குள் குழல் விடத் தொடங்கியதும் குருத்து மேலேறும். அன்றே மாடு வெளியேற வேண்டும். தாமதித்தால் ஜூன் மாத அறுவடை மாட்டின் வயிற்றில்.

கே: அறுத்துமுடித்த வயலில்?

ப: நெப்ராஸ்காவில் மாடுகள் மக்காச்சோளத் தட்டைக்குள் இறங்குகின்றன. சிந்திய கதிர் முதலில், மேலுறையும் இலையும் அடுத்து. தண்டு வேறு வழியில்லாதபோது. தின்ற சத்தில் பெரும்பகுதியை அங்கேயே சாணமாகப் போட்டுவிட்டுப் போகின்றன. தமிழ்நாட்டில் எருவுக்காக வயலில் ஆட்டுக்கிடை போட நிலக்காரர் மேய்ப்பரான கீதாரிக்குக் கூலி கொடுப்பார். நெப்ராஸ்காவில் மாட்டுக்காரர் நிலக்காரருக்கு வாடகை கொடுக்கிறார்!

கே: இவ்வளவு பொருத்தம் இருந்தும் சிக்கல் எங்கே?

ப: எடையில். உலர்ந்த தானியம் ரயிலேறி ஆயிரம் கிலோமீட்டர் போகும். பன்றிக்கழிவு பெரும்பாலும் தண்ணீர். சில கிலோமீட்டர் தாண்டினாலே ஏற்றுக்கூலி எருவின் மதிப்பை விழுங்கிவிடும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ரசாயன உரம் மலிந்தது. தானியம் விளைவித்த பல பண்ணைகள் மாட்டைக் கைவிட்டன. கால்நடை வேறிடங்களில் குவிந்தது. கிழக்குக் கரையின் டெல்மார்வா தீபகற்பத்துக் கோழிகளுக்கு உள்ளூர்த் தானியம் போதாமல் மத்திய மேற்கிலிருந்தும் வருகிறது. எரு மட்டும் திரும்பிப் போவதில்லை. பயிர் கேட்காத மணிச்சத்து அங்கே மண்ணில் சேர்ந்து, செசபீக் விரிகுடாவில் பாசியை வளர்க்கிறது. ஆகவே மேரிலாந்து அரசு, எரு மிகுந்த பண்ணையிலிருந்து தேவைப்படும் வயலுக்கு அதைக் கொண்டுபோக மானியம் தருகிறது. கோழிக்கழிவுக்கு வண்டிச்சத்தம் அரசாங்கச் செலவில்.